சிவகாசிக்கு ஒரு ஐ.வி.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஐ.வி. என்றொரு சடங்கு உண்டு. இண்டஸ்ட்ரியல் விசிட். கோவா, கூர்க், மைசூர், கொடைக்கானல் என்று ஏதாவது ஓர் ஊரைப் பிடித்து, போகிற வழியில் ஓர் ஆலை வாசலில் இறங்கி, கல்லூரிப் பேனரை விரித்துப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டால் சடங்கு முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் பஸ்ஸுக்குள் ஆட்டம். ஆண்டறிக்கையில் ஏறுவது அந்தப் போட்டோ, மாணவர்கள் மனசில் நிற்பது அந்த ஆட்டம். எனவே விஸ்காம் மூன்றாம் ஆண்டுக்கு விளம்பரப் பாடம் எடுக்கும் நான், "இந்த வருஷம் சிவகாசி" என்றதும் வகுப்பு செத்த வீடாகிவிட்டது. கடைசி பெஞ்சிலிருந்து "சார், வெடியாச்சும் ஃப்ரீயா தருவாங்களா?" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

இத்தனை ஊர்கள் இருக்க சிவகாசி ஏன் என்பதற்கு அந்தப் பருவத்தின் புராஜெக்டிலிருந்து தொடங்க வேண்டும். கல்லூரியைச் சுற்றியுள்ள சின்னக் கடை ஒன்றைப் பிடித்து, பத்தாயிரம் ரூபாய்க்குள், ஒரு வருஷத்துக்கு விளம்பரம் செய்து கொடுக்க வேண்டும். குழுக்களாகப் பிரிந்து மளிகைக்கடை, இஸ்திரி வண்டி, ஆந்திரா மெஸ், சைக்கிள் கடை, பிள்ளையார் கோயில் வாசல் பூக்கடை என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். முதல் பிரசென்டேஷன் அன்று பார்த்தால் எல்லோரிடமும் ஒரே மருந்து: ரீல்ஸ், இன்ஃப்ளூயன்சர், க்யூஆர் கோடு. பூக்கடைக் குழுவின் ஸ்லைடில் 'நமது வாடிக்கையாளர்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரப் பெண் சாலட் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்குக் காலைல அந்தக் கடையில பூ வாங்கினது யாரு?" என்று கேட்டேன். அங்கே போய் அரை மணி நேரம் நின்ற ஆள் குழுவில் ஒருவரும் இல்லை.

ரீல்ஸை நான் இளப்பமாகப் பேசவில்லை. நாளைக்கு இவர்களுக்குச் சம்பளம் தரப்போவது அதுதான். ஃபெவிகால் பஸ் விளம்பரத்தையும், 1966-லிருந்து ஹோர்டிங்கில் நிற்கும் அமுல் சிறுமியையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பேசத் தெரிந்த பிள்ளைகள்தான். ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்த கடைகள் அத்தனையிலும் கல்லாவுக்கு மேலே ஓர் ஆணியில் வேறு யாரோ ஒரு வியாபாரியின் பெயர் வருஷம் முழுக்க, வாடகை இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒருவர்கூட விளம்பரம் என்று குறித்துக்கொண்டு வரவில்லை. காலண்டர் அவர்கள் கண்ணில் சுவரோடு சுவராகிவிட்டது. அது பிறக்கிற இடத்தைக் காட்டிவிடலாம் என்று தோன்றியது.

ஆடிப்பெருக்கு கழிந்த வாரம் எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினோம். தாம்பரம் தாண்டுவதற்குள் புளியோதரைப் பொட்டலங்கள் காலி. முந்தின இரவு ஏதோ கல்யாண மண்டபத்தில் லைட் பிடித்துவிட்டு வந்த பையன் ஏறியதுமே மேல் பெர்த்தில் சாய்ந்துவிட்டான். வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் வார இறுதியில் கல்யாண போட்டோகிராபர்களுக்கு எடுபிடி வேலை செய்து கேமராவுக்குத் தவணை கட்டுகிறார்கள். கீழே இரண்டு பேர் லேப்டாப்பை மடியில் வைத்து டைப்போகிராபி ரெக்கார்டை முடித்துக்கொண்டிருந்தார்கள். ஐ.வி. நாட்களுக்கு ஓ.டி. என்று வருகை கிடைக்குமே தவிர சப்மிஷன் தேதி தள்ளிப்போகாது. பெண்களின் போன்கள் மாறி மாறி அடித்தன. எல்லா அம்மாக்களுக்கும் ஒரே கேள்வி, சாப்பிட்டாயா.

பக்கத்து இருக்கையில் ராஜபாளையத்துக்காரர் ஒருவர். என்ன படிக்கிறீர்கள், அதற்கு என்ன வேலை கிடைக்கும் என்ற வழக்கமான விசாரணையை முடித்துவிட்டு, "விளம்பரமா? டிவில விளம்பரம் வந்தா நான் சேனலை மாத்திருவேன் தம்பி" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. எங்கே போகிறோம் என்று கேட்டவர், சிவகாசி அச்சகம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலண்டர் ஆபீசுக்கா? நல்ல முருகர் படம் இருந்தா விட்றாதீங்க. எங்க ஊர்ல ஜவுளிக்கடையில குடுக்கிறது வரவர நல்லாவே இல்ல." நான் பிள்ளைகளைப் பார்த்தேன். ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்த மாணவி மட்டும் நிமிர்ந்து சிரித்தாள். அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

விருதுநகர் தாண்டும்போது விடிந்திருந்தது. இரண்டு பக்கமும் கரிசல், சீமைக்கருவேலம், தொலைவில் தனித்தனியாக நிற்கும் தகரக்கூரைச் சாலைகள். மழை குறைந்த பூமி. வெள்ளாமை கைவிட்ட இந்த வறட்சியேதான் தொழிலுக்குக் கைகொடுத்தது. தீக்குச்சி காயவும், வெடிமருந்து உலரவும், அச்சு மை தாளில் இறுகவும் இந்தக் காற்று தோதாக இருந்தது. 1920-களின் தொடக்கத்தில் பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய கதை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டி வந்தால் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்காகக் கல்லச்சு வந்தது, கல்லச்சு வந்தபின் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று வரிசையாக எல்லாம் வந்தன. விளம்பர மாணவர்கள் கவனிக்க வேண்டிய வரலாறு இது: ஊரின் அச்சுத் தொழில் முழுவதும் ஒரு பொட்டலத்தின் மேலட்டையிலிருந்து முளைத்திருக்கிறது. 'குட்டி ஜப்பான்' என்ற பட்டத்தைச் சொல்லாமல் சிவகாசிக் கட்டுரை எதுவும் முடிவதில்லை. நானும் சொல்லிவிட்டேன், மேலே போவோம்.

ஆடி பதினெட்டுக்குத்தான் இங்கே அடுத்த ஆண்டின் காலண்டர் பிறக்கிறது. அன்றைக்குப் பூஜை போட்டு, புது மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிடுவார்கள். நாங்கள் போன அச்சகத்தில் அந்த ஆல்பம் மேஜைமேல் இருந்தது. ஒரு கையால் தூக்க முடியாத கனம். ஏஜென்டுகள் இதைத்தான் ஊர் ஊராகச் சுமந்து கடைகடையாகப் போய் விரிப்பார்கள். புரட்டினால் பிள்ளையார், முருகன், லட்சுமி, வெங்கடாசலபதி, மெக்கா, மதீனா, வேளாங்கண்ணி மாதா, காமராஜர், கலாம், கொழுகொழு குழந்தை, அருவிக்கரை வீடு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். உள்ளே தொங்கும் தினசரித் தாளிலும் இந்துக்களுக்கு, முஸ்லிம்களுக்கு, கிறிஸ்தவர்களுக்கு என்று தனித்தனி வகை. வகுப்பில் நாங்கள் வாடிக்கையாளரை வயது, வருமானம், வசிப்பிடம் என்று கட்டம் கட்டிக் கற்பிக்கிறோம். இங்கே அந்தப் பாடம் எண் போட்டு பைண்டு செய்யப்பட்டுக் கிடந்தது.

அச்சக உரிமையாளரை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இஸ்திரி வண்டிக் குழுவின் பையன் ஆல்பத்தில் ஒரு முருகனைச் சுட்டிக்காட்டி, "அண்ணாச்சி, இதுல கடைப் பேரு எங்க வரும்?" என்றான். அவர் படத்துக்கும் தேதித்தாளுக்கும் கீழே விட்டிருந்த வெற்றுப் பட்டையைக் காட்டினார். நான்கு விரல் அகலம்கூட இல்லை.

"இவ்வளவுதானா? இன்னும் பெருசா போடச் சொல்லிக் கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க தம்பி. போட்டும் தருவோம். அடுத்த வருஷம் அவங்களே வந்து, சாமியைப் பெருசாக்கி எம்பேரைச் சின்னதாக்குங்கம்பாங்க. பேரு பெருசா இருந்தா சனம் வாங்கிட்டுப் போயி பரண்ல போட்ருது. சாமி பெருசா இருந்தாத்தான் ஆணியில ஏறும்."

விளம்பர நிறுவனங்களில் காலங்காலமாக நடக்கும் சண்டை இது. லோகோவைப் பெரிதாக்கு என்பார் வாடிக்கையாளர், டிசைன் கெட்டுவிடும் என்பான் கலைஞன். அந்தச் சண்டையில் சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் நானும் நின்றிருக்கிறேன். எங்கள் தரப்பு வாதம் எப்போதும் அழகைப் பற்றியதாகவே இருந்தது. அண்ணாச்சியின் வாதம் ஆணியைப் பற்றியது. அதற்கு எந்த வாடிக்கையாளரும் மறுபேச்சுப் பேசியிருக்க முடியாது.

மாணவர்கள் வாய்பிளந்து நின்றது தேதித்தாளின் முன்னால்தான். ஒவ்வொரு தாளிலும் திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம், சூலம், சந்திராஷ்டமம், பன்னிரண்டு ராசிக்கும் ஒரு சொல் பலன். வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்பதைப் பொறுத்து நேரம் மாறும். ஒரு நாள் தப்பாக அச்சானாலும் ஊரெல்லாம் போன் வரும் என்றார் புரூஃப் பார்ப்பவர். மூன்று வரி விளம்பர வாசகத்தில் இரண்டு எழுத்துப் பிழை விடும் என் மாணவர்கள், 365 நாளுக்கும் பிழையில்லாமல் எழுதப்பட்ட விளம்பரத்தைக் கையில் வைத்துப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

இயந்திரக் கூடத்தில் நான்கு வண்ண ஆஃப்செட் ஓடிக்கொண்டிருந்தது. மையின் மணமும் காதடைக்கும் சத்தமும். முதலில் வெளிவரும் தாள்கள் கழிவுக்குப் போகின்றன. ஆபரேட்டர் ஒரு தாளை உருவி விளக்கடியில் விரித்து, ஓரத்திலிருந்த சின்னச் சிலுவைக் குறிகள்மேல் லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துக் குனிந்தார். நான்கு நிறமும் அந்தக் குறிகளில் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்கார வேண்டும். "மெஜந்தா ஒரு மயிரிழை நகந்தா சாமிக்கு உதடு ரெண்டாயிரும்" என்றார். லூப் கைமாறியது. அதன் வழியே பார்த்தால் லட்சுமியின் கன்னம் மறைந்து, மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. ஒரு பெண் லூப்பை வைப்பதும் எடுப்பதுமாக, கன்னம் எந்தக் கணத்தில் புள்ளியாகிறது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிள் கடைக் குழு தன் போஸ்டரைப் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தது. பின்னணி முழுக்கப் பளீரென்ற கிளிப்பச்சை. ஆபரேட்டர் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "பாப்பா, இந்தப் பச்சை திரையில மட்டுந்தான் இருக்கும். மெஷின்ல வராது." நீலத்தையும் மஞ்சளையும் கூட்டி மாற்றிக் காட்டினார். வந்தது வாழை இலைப் பச்சை. போஸ்டர் செய்த பெண்ணின் முகம் வாடிவிட்டது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது, ஒளிக்கு எட்டும் நிறமெல்லாம் மைக்கு எட்டாது. இதே விஷயத்தை இரண்டாம் ஆண்டில் பாடமாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள்தான் அவள்.

மதியத்துக்குமேல் தீப்பெட்டி. லேபிளின் உண்மையான அளவில் ஒரு டிசைன் செய்து வர வேண்டும் என்பதை வீட்டுப்பாடமாக முன்பே கொடுத்திருந்தேன். லேப்டாப் திரையில் பெரிதாக வைத்துச் செய்திருந்தார்கள். பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அசல் அளவுக்கு அச்செடுத்து, பழைய பெட்டிகளில் ஒட்டி, ஒரு பெட்டிக்கடை அக்காவிடம் கெஞ்சி அவர் சரக்கோடு சரக்காக அடுக்கினோம். தெருவுக்கு இந்தப் பக்கம் வந்து பார்த்தால், சிங்கமுகமும் மெல்லிய கோடுகளும் ஆங்கில வாசகமும் போட்ட எங்கள் லேபிள்கள் அழுக்குத் திட்டு மாதிரி இருந்தன. பழைய லேபிள்களில் ஒரே ஓர் உருவம், ஒரே ஒரு தட்டையான பின்னணி நிறம். எழுத்துத் தெரியாதவரும் 'அணில் பெட்டி குடு', 'சேவல் பெட்டி குடு' என்று கேட்டு வாங்கும்படி வரையப்பட்டவை. விலை இன்னொரு பாடம். 14 ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல்தான் இரண்டு ரூபாயானது. அப்போது குச்சிகளின் எண்ணிக்கையையும் 36-லிருந்து 50 ஆக்கினார்கள். இரட்டை விலைக்குக் கொஞ்சம் சமாதானமும் சேர்த்துக் கொடுத்த அந்த முடிவை எந்த ஏஜென்சியும் உட்கார்ந்து யோசித்துத் தரவில்லை, உற்பத்தியாளர்களே கூடி எடுத்தது.

பெட்டிக்கடை அக்கா எங்கள் கூத்தையெல்லாம் பார்த்துவிட்டு, "நான் சின்னப் பிள்ளையா இருக்கையில ராத்திரியெல்லாம் பெட்டி ஒட்டினவதான்" என்றார். குரலில் புகார் ஏதும் இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டியையும் பட்டாசையும் சிறுவர்களுக்குத் தடை செய்த தொழில்களின் பட்டியலில் வைத்தது. அதற்கு முன்னும், பின்னும் சில காலம், இந்தக் கரிசல் கிராமங்களிலிருந்து விடிகாலையில் பஸ் நிறையக் குழந்தைகள் போனார்கள். பக்கத்துப் பட்டாசுக் கடையில் கம்பி மத்தாப்புப் பெட்டி இருந்தது. மேலட்டையில் ரோஜா நிறக் குழந்தை ஒன்று சிரித்தபடி மத்தாப்புப் பிடித்திருந்தது. விளம்பர நெறி என்பது எங்கள் பாடத்திட்டத்தில் ஐந்து மதிப்பெண் கேள்வி. அந்த அட்டையையும் அக்காவின் விரல்களையும் ஒரே இடத்தில் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடத்தை நான் மறுபடி நடத்தப்போவதில்லை.

மறுநாள் வேன் பிடித்து சாத்தூர் வழியாகக் கோவில்பட்டி. சாத்தூரில் காராச்சேவு வாங்க நிறுத்தியதில் ஒரு மணி நேரம் போனது. அதை வீண் என்று சொல்ல மாட்டேன். கோவில்பட்டிக்குப் போனது காலண்டர் ஓவியர் கொண்டையராஜுவுக்காக. 1898-ல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, சில காலம் திருவண்ணாமலையில் ரமணரிடம் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். 1976-ல் மறையும்வரை அவரும் அவரது சீடர்களான சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், செண்பகராமன் போன்றவர்களும் வரைந்த தெய்வங்கள்தான் சிவகாசியில் அச்சாகி வீடுகளுக்குப் போயின. அந்தச் சாமிகளுக்குப் பின்னால் தூண்களும் திரைகளும் அடுக்கடுக்காக உள்வாங்கிப் போவதைக் கவனித்தால் நாடக மேடை தெரியும்.

கடலைமிட்டாய் வாங்க நுழைந்த கடையிலேயே பழைய காலண்டர் படம் ஒன்று கிடைத்தது. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாயைத் தின்றுகொண்டே ஒரு மாணவன் சுவரைக் காட்டினான். கண்ணாடிச் சட்டத்துக்குள் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யானைகள், நிறம் தேய்ந்து பழுப்பேறியிருந்தது. தேதித்தாள் எப்போதோ போய்விட்டது. ஆனால் படத்தைச் சட்டம் போட்டவர் கீழ்ப் பட்டையை வெட்டாமல் விட்டிருந்தார். ஏதோ ஒரு நூல் வியாபாரியின் பெயரும் தெருவும் அப்படியே இருந்தன. அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டோம். "எங்க தாத்தா காலத்துலயே மூடியாச்சே" என்றார் கடைக்காரர். "ஆனா தாத்தாவுக்கு அவங்க நூலுதான் நல்ல நூலு."

திரும்பி வந்து புராஜெக்டை மறுபடி செய்தார்கள். எல்லாமே தேறியது என்று சொல்ல முடியாது. ஆந்திரா மெஸ் குழு மறுபடியும் க்யூஆர் கோடு போட்டது, இந்த முறை ஒரு பிள்ளையார் வயிற்றில். பூக்கடைக் குழு மட்டும் பிள்ளையார் கோயில் வாசலில் காலை ஐந்தரைக்கே போய் நின்றது. முகூர்த்த நாளிலும் அமாவாசை, பிரதோஷத்திலும் பூ விலை ஏறிவிடுகிறது, முதல்நாளே சொல்லி வைப்பவர்களுக்கு மட்டும் பழைய விலைக்குத் தருகிறார் பூக்கார அம்மா என்று கண்டுபிடித்து வந்தது. அதையே காலண்டராக்கினார்கள். சாதாரண மாதக் காலண்டர், மேலே பிள்ளையார், முகூர்த்தமும் விரதமும் வரும் நாட்களுக்கு முந்தின கட்டத்தில் ஒரு சின்ன மல்லிகை மொட்டு. 'நாளைக்குப் பூ வேண்டுமா? இன்றே சொல்லுங்கள்' என்று ஒரு வரி. மாதிரியைக் கொண்டுபோய்க் காட்டியபோது அம்மா, "எம்பேரு எதுக்குடா கண்ணு? போன் நம்பரைப் பெருசா போடு" என்றாராம். பெயரை எடுத்துவிட்டார்கள்.

ஜூரியில் அந்தக் குழுவுக்கு நடுத்தரமான மதிப்பெண்தான் கிடைத்தது. டிஜிட்டல் பகுதி இல்லை என்று வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் குறைத்துவிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பருவத்தில் நான் பார்த்த விளம்பரங்களில், யாருக்கு, எதற்காக, எந்த நாளில் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தது அந்தக் காலண்டரில்தான்.

விளம்பரம் கற்பிக்கும் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஐ.வி.க்கு சிவகாசியை யோசியுங்கள். ஆடிப்பெருக்குக்குப் பிறகு போனால் புது ஆல்பம் பார்க்கலாம். தீபாவளி முடிந்து போனால் காலண்டர் வேலை உச்சத்தில் இருக்கும், நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது. அச்சகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டு வையுங்கள். டிசைன் கொண்டுபோகிறவர்கள் அதை அச்சு மையின் நான்கு நிறங்களுக்கு, அதாவது சீஎம்ஒய்கேவுக்கு, மாற்றிக் கொண்டுபோங்கள். திரும்பும்போது பிள்ளைகளின் பைகளை ஒரு முறை சோதித்துவிடுங்கள். ரயிலில் பட்டாசு கொண்டுபோவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவுப்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.